10 மீட்டர் ஏர் ரைஃபிள்: டப்பாவில் அதே 4.50, ஆனால் குரூப் (ஷாட்கள் விழும் சிதறல்) வேறு. பெல்லட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

துவாரகா_அப்பா

வணக்கம். மகளுக்கு 16 வயது. டெல்லி துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் ரேஞ்சில் வாரம் 4 நாள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி. ரைஃபிள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பி.சி.பி. (சிலிண்டரில் முன்பே நிரப்பிய அழுத்தக் காற்றில் சுடுவது), சிலிண்டர் 200 பார். 60 ஷாட்டுக்கு 610 முதல் 614 வரை சுடுகிறாள். சராசரி 612 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சுட்டது 0.53 கிராம் மேட்ச் பெல்லட், ஹெட் சைஸ் (தலையின் விட்டம், மி.மீ.யில்) 4.50. அது தீரும் நிலையில் அதே பிராண்ட், அதே எடை, அதே 4.50 என்று பார்த்து 5 டப்பா புதிதாக வாங்கினோம். புது டப்பாவில், "இது நல்லா விட்டேன்" என்று அவள் சொல்லும் ஷாட்கூட 9.8-க்குப் போகிறது. பழைய டப்பாவில் சுமார் 60 பெல்லட் மிச்சம் இருக்கிறது. அதைப் போட்டால் 10.3, 10.4 என்று வருகிறது. கோச் "பேட்ச் டெஸ்ட் பண்ணுங்க" என்கிறார். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (பேட்ச்) ரைஃபிளை அசையாமல் பிடித்துச் சுட்டு ஒப்பிடும் மெஷின் எங்களிடம் இல்லை.

கேட்க வேண்டியவை:

1. பிராண்ட், எடை, ஹெட் சைஸ், இதில் எதை முதலில் பார்ப்பது?
2. மெஷின் இல்லாமல் டெஸ்ட் செய்ய முடியுமா? எத்தனை ஷாட் வேண்டும்?
3. 612 சுடுகிறவளுக்கு பெல்லட் உண்மையிலேயே ஒரு விஷயமா, இல்லை நாங்கள் சாக்கு தேடுகிறோமா?
4. போன மழைக்காலத்தில் ஒரு டப்பாவில் வெள்ளையாகப் பொடி படிந்துவிட்டது. அதைத் துடைத்துச் சுடலாமா?

---

லேன்27

வணக்கம் சார். முதல் இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன்.

பார்க்க வேண்டியது பேட்ச் எண்ணைத்தான். ஈயக் கம்பியை வெட்டி அச்சில் வைத்து அழுத்தித்தான் பெல்லட் வருகிறது. அச்சு தேயும், மாற்றுவார்கள், ஒரே பெயரில் விற்கும் பெல்லட் வேறு வேறு அச்சில் இருந்தும் வரும். டப்பா மேல் இருக்கும் 4.50 ஒரு குறியீடு என்ற அளவுக்குத்தான் உதவும். ஒரு பேட்சின் 4.50-க்கும் இன்னொரு பேட்சின் 4.50-க்கும் தலையின் விளிம்பு, பாவாடையின் (பெல்லட்டின் பின்பக்க விளிம்பு) தடிமன், மேலே பூசிய எண்ணெய் எல்லாமே கொஞ்சம் மாறலாம். நீங்களே மைக்ரோமீட்டர் வைத்து அளக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈயம் மிருது, திருகும் அழுத்தத்திலேயே 0.01 மி.மீ. அமுங்கிவிடும். நாம் தேடும் வித்தியாசமே அந்த 0.01-தான்.

எடையில் குழப்பிக்கொள்ள ஒன்றும் இல்லை. ரைஃபிளுக்கு 0.53 கிராம் தட்டைத் தலை பெல்லட்டில் தொடங்குங்கள். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 மேட்ச், மெய்ஸ்டர்குகெல்ன், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ஹெவி எல்லாவற்றிலும் இந்த எடை உண்டு. 0.45 கிராம் வகை பிஸ்டலை மனதில் வைத்துச் செய்தது. சில ரைஃபிள் பேரல்கள் அதையும் நன்றாகச் சுடும் என்றாலும் அதைக் கடைசியில் பாருங்கள். ஹெட் சைஸில் 4.49, 4.50, 4.51 மூன்றில் ஒவ்வொரு டப்பா கிடைத்தால் போதும்.

இனி டெஸ்ட். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டு வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ வேண்டாம். கெட்டியான பின்புறத்தில் பட்ட ஈயம் திரும்பி வரும். ரேஞ்சில் கூட்டம் குறைந்த நேரத்தில் ரேஞ்ச் ஆபீசரிடம் அனுமதி வாங்கி, ஒரு லேனில் உட்கார்ந்து செய்யுங்கள். கண்ணுக்கு ஷூட்டிங் கண்ணாடி. சுடாத நேரமெல்லாம் பேரலில் சேஃப்டி ஃப்ளாக் (பேரல் காலி என்று காட்டும் நிறக் கயிறு).

முறையான வழி, ஸ்டாக்கை (தோளில் வைக்கும் உடல் பகுதி) கழற்றி, பேரலைத் தாங்கும் இயக்கப் பகுதியான ஆக்‌ஷனை மட்டும் கனமான வைஸில் பிடிப்பது. வைஸ் இல்லையென்றால் மணல் மூட்டை இரண்டு. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரு பக்கமும் தைத்து, நன்றாகக் காய்ந்த மெல்லிய மணலை முக்கால் பங்கு நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் மூட்டை கல்லாகி ரைஃபிள் அதன் மேல் துள்ளும். முன் மூட்டை ஃபோர்எண்டுக்கு (ஸ்டாக்கின் முன்பகுதி) கீழே, ஆக்‌ஷனை ஒட்டி. பின் மூட்டை ஸ்டாக்கின் பின் முனைக்குக் கீழே. சிலிண்டரும் பேரலும் எதையும் தொடக்கூடாது. ஃபோர்எண்ட் எந்த இடத்தில் உட்காருகிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே இடத்தில் வையுங்கள். 10 மீட்டருக்கு ஃபோகஸ் ஆகும் ஸ்கோப் யாரிடமாவது இருந்தால் 11 மி.மீ. ரெயிலில் மாட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் டயாப்டரே (ரைஃபிளின் பின் குறிபார்வைத் துளை) போதும், கண் களைக்கும்போது நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

சுடும் வரிசை இப்படி. புது பெல்லட்டுக்கு மாறியதும் முதல் 10 முதல் 15 ஷாட்டை எண்ணாமல் விடுங்கள். முந்தைய பெல்லட்டின் எண்ணெயும் ஈயப் படிவும் பேரலில் இருக்கும்போது வரும் குரூப் இரண்டு பெல்லட்டுக்கும் சொந்தமில்லை. அப்புறம் 10 ஷாட் ஒரு அட்டை. அடுத்த பேட்சுக்குப் போய் அதே மாதிரி. எல்லா பேட்சும் ஒரு சுற்று முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து. ஒரு பேட்சுக்கு மொத்தம் 5 அட்டை, அதாவது 50 ஷாட். ஒரே பேட்சின் 5 அட்டையையும் தொடர்ந்து சுட்டு முடித்தால், கடைசி பேட்சுக்கு வரும்போது உங்கள் கை களைத்திருக்கும், பழி பெல்லட் மேல் விழும்.

உங்களிடம் பழைய பேட்ச் 60-தான் மிச்சம். அதனால் அதை 2 அட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட அது வேண்டும்.

சிலிண்டர் 200 பாரில் தொடங்கி 100-க்குக் கீழே போகும் முன் நிரப்பிவிடுங்கள். கூடவே சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள். கம்பெனி குறித்த காலம் (பெரும்பாலும் தயாரித்து 10 வருடம்) தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதி இல்லை, பாதுகாப்பும் இல்லை.

அளக்கும்போது ஒரு சின்ன விஷயம். தட்டைத் தலை அட்டையில் பஞ்சிங் மெஷின் வைத்த மாதிரி வட்டமாக வெட்டும். ஆனால் பெல்லட் போனபின் அட்டையின் நார் கொஞ்சம் உள்ளே திரும்பும், அதனால் ஓட்டை 4.5-ஐ விடச் சற்றுக் குறைவாகத் தெரியும். எனவே தனியாக ஒரு ஷாட் சுட்டு அந்த ஒற்றை ஓட்டையின் அகலத்தை வெர்னியரில் அளந்து வைத்துக்கொண்டு, குரூப்பின் வெளி விளிம்பு அளவில் இருந்து அதைக் கழியுங்கள். வருவது இரண்டு தூர ஓட்டைகளின் மையத்துக்கு மையம்.

---

கணக்குப்பிள்ளை

மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

ரைஃபிள் டார்கெட்டில் மையத்தில் இருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி குறையும். பெல்லட்டின் மையம் 0.25 மி.மீ.க்குள் விழுந்தால் 10.9. 1.25-க்குள் 10.5. 2.5-க்குள் 10.0. அதைத் தாண்டினால் ஒன்பதில். மகளின் 612 என்றால் ஷாட்டுக்குச் சராசரி 10.2. அப்படியென்றால் அவள் ஷாட்கள் மையத்தில் இருந்து சராசரியாக 1.9 மி.மீ. தள்ளி விழுகின்றன.

இந்த 1.9-க்குள் இரண்டு பங்கு உண்டு: அவளுடைய பிடி, பேரலும் பெல்லட்டும் சேர்ந்து தரும் சிதறல். இரண்டையும் நேராகக் கூட்டக்கூடாது. வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நல்ல பேட்ச் வைஸில் பிடித்துச் சுட்டால் மையத்தில் இருந்து சராசரி விலகல் 0.3 மி.மீ. அளவில் இருக்கும். சுமாரானது 0.8. இப்போது 0.8 உள்ள பேட்சில் சுட்டுத்தான் 612 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.3-க்கு மாறினால் மொத்த விலகல் சுமார் 1.88-இல் இருந்து 1.72-க்கு இறங்கும். ஷாட்டுக்கு 0.06. அறுபது ஷாட்டுக்கு 3.7 புள்ளி.

590 சுடுகிறவருக்கு இதே மாற்றம் 2.4 புள்ளிதான் தரும், அவருடைய பிடிதான் பெரும்பங்கு. 630 சுடுகிறவர் நல்லதில் இருந்து மோசமான பேட்சுக்குப் போனால் 5 புள்ளிக்கு மேல் இழப்பார். ஆக, உங்கள் மகள் இருக்கும் இடத்தில் இது சாக்கு இல்லை. ஆனால் 612-ஐ 625 ஆக்கும் பெல்லட்டும் கிடையாது. மீதி பிடியிலும் ட்ரிகரிலும்தான் இருக்கிறது.

அடுத்து ஷாட் எண்ணிக்கை. லேன்27 50 ஷாட் என்று சொன்னதை அதிகம் என்று நினைத்து 5 ஷாட்டில் முடித்துவிடாதீர்கள். 0.3 விலகல் உள்ள ஒரே டப்பாவில் 5 ஷாட் குரூப்பாகச் சுட்டுக்கொண்டே போனால் மையத்துக்கு மையம் சராசரி 0.7 மி.மீ. சொச்சம் வரும். ஆனால் ஒரு குரூப் 0.5, அடுத்தது 1.0 என்று வருவது சாதாரணம். பெல்லட் மாறவே இல்லை, அதிர்ஷ்டம்தான் மாறியது. ரைஃபிளோடு கம்பெனி தரும் அழகான 5 ஷாட் அட்டையையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 10 ஷாட் குரூப் 5 எடுத்துச் சராசரி பார்த்தால் ஆட்டம் பெருமளவு அடங்கும்.

10 ஷாட் குரூப்பின் மையத்துக்கு மையம் அளவை 3-ஆல் வகுத்தால் சராசரி விலகல் ஏறத்தாழ வந்துவிடும். 0.9 மி.மீ. குரூப் என்றால் 0.3. அதாவது வெளி விளிம்பு சுமார் 5.4 மி.மீ. 2.4 மி.மீ. குரூப் என்றால் 0.8, வெளி விளிம்பு 6.9. எலக்ட்ரானிக் டார்கெட்டில் ஒவ்வொரு ஷாட்டின் எக்ஸ், ஒய் கிடைத்தால் இன்னும் நல்லது. எக்ஸ்களின் சராசரி, ஒய்களின் சராசரி எடுத்து, அந்தப் புள்ளியில் இருந்து ஒவ்வொரு ஷாட்டின் தூரத்தையும் சராசரி ஆக்குங்கள். டார்கெட்டின் மையத்தில் இருந்து அளக்காதீர்கள். குரூப் எங்கே விழுந்தது என்பதை டயாப்டர் கிளிக்கில் சரிசெய்யலாம், சிதறலைச் சரிசெய்ய முடியாது.

உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். 170 மீ/வி வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரில் சுமார் 18 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 1 மீ/வி குறைந்தால் கூடுதலாக 0.2 மி.மீ. இறங்கும். ஆக, குரூப் மேலும் கீழுமாக நீண்டால் வேகம் ஆடுகிறது, ரெகுலேட்டரையோ (ஒவ்வொரு ஷாட்டுக்கும் காற்றைச் சீராக விடும் பாகம்) காற்றழுத்தத்தையோ பாருங்கள். பெல்லட்டைத் தராசில் எடைபோட்டுப் பிரிப்பது பற்றி யாராவது சொல்வார்கள். 0.005 கிராம் வித்தியாசம் கிட்டத்தட்ட 0.18 மி.மீ. உயர மாற்றம்தான் தரும். நல்ல பேட்சில் அதைவிடக் குறைவான வித்தியாசம்தான் இருக்கும். அந்த நேரத்தை டிரை ஃபயரிங்குக்கு (பெல்லட் இல்லாமல் சுடும் பயிற்சி) கொடுக்கச் சொல்லுங்கள்.

---

கலா_பிஸ்டல்

அண்ணா, நாலாவது கேள்விக்கு: வெள்ளைப் பொடி படிஞ்ச டப்பாவைச் சுடாதீங்க, துடைக்கவும் வேண்டாம். அது ஈயம் காத்தோடயும் ஈரத்தோடயும் சேர்ந்து உண்டான உப்பு. விரல்ல ஒட்டி, மூச்சில போகும். மூடி, பைல கட்டி, ரேஞ்சில ஈயக் கழிவு சேர்க்கிற இடத்தில குடுத்துடுங்க. வீட்டுக் குப்பையில போடாதீங்க.

டெல்லியில மே மாசம் காத்து காஞ்சு கிடக்கும், அப்போ பிரச்சினை வராது. ஜூலை, ஆகஸ்ட்லதான் வரும். டப்பாவை ஜிப் பையில போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு சேர்த்து, இரும்பு அல்லது பிளாஸ்டிக் பெட்டியில வைங்க. மர அலமாரி வேண்டாம். மரத்துல இருந்து வர்ற அமில வாடை ஈயத்தை அரிக்கும், பொடி படியறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஏசி அறையில இருந்து எடுத்ததும் வெளியில வெச்சுத் திறக்காதீங்க. டப்பா வெளி வெப்பத்துக்கு வர்ற வரைக்கும் மூடியே இருக்கட்டும், இல்லன்னா உள்ள வியர்க்கும். அதே மாதிரி, மே மாசத்துல சிலிண்டரைக் கார்ல விட்டுட்டுப் போகவே கூடாது.

பெல்லட்டைக் கழுவி எண்ணெய் போடச் சொல்றவங்க இருக்காங்க. மேட்ச் பெல்லட்டுக்குத் தேவையில்ல. கம்பெனி பூசினதைக் கழுவிட்டு நாம போடறது ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு அளவா இருக்கும்.

டப்பாவைத் திறந்ததும் 20 பெல்லட்டை எடுத்து வெளிச்சத்துல பாவாடைப் பக்கமாப் பாருங்க. விளிம்பு முழு வட்டமா இருக்கணும். நகம் பட்ட மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் அது வேற இடத்துக்குப் போகும், ஏன்னா காத்து அந்தப் பக்கமா முந்திக் கசியும். கூரியர்ல வந்த டப்பாவில இது அடிக்கடி இருக்கும். கண்ணாடித் துண்டு மேல உருட்டியும் பாக்கலாம். தலை ஒரு அளவு, பாவாடை ஒரு அளவுங்கறதால எல்லாமே வளைஞ்சுதான் உருளும். அந்த வளைவு ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு மட்டும் குதிச்சு உருண்டா தள்ளி வைங்க.

லோட் பண்றப்போ கவனிக்க வேண்டியது: பெல்லட் நேரா உட்கார்ந்த பிறகுதான் லீவரை மூடணும். சாய்ஞ்ச பெல்லட்டை லீவர் தள்ளி உள்ள அனுப்பினா ஒரு பக்கம் சீவிடும். மூடும்போது கையில வழக்கத்தைவிட இறுக்கமாத் தெரிஞ்சா அந்த ஷாட்டை டெஸ்ட்ல எண்ணாதீங்க, ஆனா அது எத்தனை தடவை நடந்ததுன்னு குறிச்சு வைங்க. 10-க்கு 2 அப்படி வந்தா அந்த ஹெட் சைஸ் உங்க பேரலுக்குப் பெரிசு.

கடைசியா, பொண்ணுகிட்ட கண்டிப்பாச் சொல்லுங்க. பெல்லட்டை உதட்டுல வெச்சுக்கிட்டு லோட் பண்ற பழக்கம் சில பிள்ளைங்ககிட்ட இருக்கு. கூடவே கூடாது. சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவாம தண்ணி பாட்டிலைக்கூடத் தொடக்கூடாது. சானிடைசர் ஈயத்தை எடுக்காது. ரேஞ்சில போட்ட ஜாக்கெட்டை வீட்டுத் துணியோட சேர்த்துப் போடாதீங்க.

---

துவாரகா_அப்பா

எல்லாருக்கும் மிக்க நன்றி. மணல் மூட்டையில் வைத்து, ஸ்கோப் கடன் வாங்கி, சொன்னபடி சுற்று முறையில் சுட்டோம். மையத்துக்கு மையம், 10 ஷாட் அட்டைகளின் சராசரி, மி.மீ.யில்:

பழைய பேட்ச் 4.50 (2 அட்டை): மொத்தம் 1.9, அகலம் 1.8, உயரம் 0.8
புது பேட்ச் 4.50 (5 அட்டை): மொத்தம் 2.5, அகலம் 2.3, உயரம் 1.3
வேறு பிராண்ட் 4.49 (5 அட்டை): மொத்தம் 1.8, அகலம் 1.7, உயரம் 0.7

புதியது மோசம் என்று தெரிகிறது. ஆனால் எதுவுமே கணக்குப்பிள்ளை சொன்ன 0.9-க்குப் பக்கத்தில் இல்லையே? மூன்று பேட்சும் கெட்டதா?

---

பேரல்காரர்

சார், உங்க அட்டையே பதில் சொல்லுது. மூணு பேட்சும் அகலத்துல மட்டும் நீண்டிருக்கு. உயரம் 0.7, 0.8 வருதுன்னா வேகம் நல்லா சீரா இருக்கு, ரெகுலேட்டர்ல குத்தமில்ல. மூணு வேற வேற பெல்லட்டும் ஒரே திசையில கெட்டுப்போகாது. ரைஃபிள்லயோ நீங்க வெச்ச விதத்துலயோ ஏதோ ஒண்ணு இடது வலதா ஆடுது. பெல்லட்டைப் பத்தி இப்போ முடிவு எடுக்காதீங்க.

இந்த வரிசையில பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, மாத்தினதும் 4.49-ல 10 ஷாட் ரெண்டு அட்டை. ரெண்டு மூணை ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது.

முதல்ல ஸ்கோப் மவுண்ட். கடன் வாங்கினது, ரெயில்ல பாதி உட்கார்ந்திருக்கலாம். கழட்டி, ரெயிலைத் துடைச்சு, திரும்ப இறுக்குங்க. அடுத்தது பின் மூட்டை. அதைக் கையால அமுக்கிப் பிடிச்சு எய்ம் பண்றீங்களா? அமுக்கறது ஷாட்டுக்கு ஷாட் மாறினா அகலம் வரும். மூட்டையைத் தொடாம, ரைஃபிளை மூட்டையோட சேர்த்து நகர்த்தி எய்ம் வைங்க. மூணாவது ஆக்‌ஷனை ஸ்டாக்கோட பிடிக்கிற போல்ட். கம்பெனி மேனுவல்ல போட்டிருக்கிற டார்க்குக்கு, டார்க் ரெஞ்ச்ல இறுக்குங்க. ஆலன் கீயால கண்டபடி முறுக்கினா அலுமினியத்துல மரை போயிடும்.

நாலாவது தான் செகண்ட் ஹேண்ட் ரைஃபிள்ல நான் முதல்ல சந்தேகப்படறது: பேரல் முனையில இருக்கிற எடையும் ஃபோர்சைட் (முன் குறி) குழாயும். சேஃப்டி பார்த்துட்டு, சிலிண்டரைக் கழட்டிட்டு, அந்த எடையைப் பிடிச்சு லேசா அசைச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும். அப்புறம் அதைக் கழட்டி உள்பக்கம் டார்ச் அடிங்க. பெல்லட் போற துளையோட உள்சுவர்ல பென்சில் தேச்ச மாதிரி சாம்பல் நிறக் கீறல் ஒரு பக்கம் மட்டும் இருக்கான்னு பாருங்க. இருந்தா, பெல்லட் வெளியே போறப்போ அங்க உரசுது. சுத்தி ஒரே மாதிரி மெல்லிசாக் கருத்திருந்தா அது வெறும் ஈயத் தூசிப் படிவு, பரவால்ல.

அதோட பேரலைக் கடைசியா எப்போ சுத்தம் பண்ணாங்கன்னு தெரியுமா? தெரியலைன்னா இப்போ பண்ணுங்க. எண்ணெயோ சால்வென்டோ வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் சீலுக்கும் ஆகாது, காத்தழுத்தத்துக்கும் ஆகாது. காய்ஞ்ச துணித் துண்டை நைலான் கயிறுல கட்டி, பிரீச் (பெல்லட் லோட் பண்ற) பக்கத்துல இருந்து முனைப் பக்கமா இழுங்க. முனையில இருந்து உள்ள தள்ளாதீங்க, கிரவுன் (பேரல் முனையோட விளிம்பு) கீறினா பேரலே போச்சு. வெள்ளையா வர்ற வரைக்கும் துணியை மாத்துங்க. வழக்கமா 500-ல இருந்து 1000 ஷாட்டுக்கு ஒரு தடவை போதும். சுத்தம் பண்ணதும் 20 ஷாட் சும்மா சுட்டுட்டு டெஸ்ட் ஆரம்பிங்க. புதுசாத் துடைச்ச பேரல் உடனே குரூப் பண்ணாது.

---

துவாரகா_அப்பா

நீங்கள் சொன்ன நான்காவதுதான். எடையைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூவில் ஒன்று முழுக்கத் தளர்ந்திருந்தது. உள்ளே வலது பக்கம் மட்டும் சாம்பல் கீறல். மேனுவல்படி இறுக்கி, பேரலைச் சுத்தம் செய்து, 25 ஷாட் விட்டபின் திரும்பச் சுட்டோம்:

புது பேட்ச் 4.50 (5 அட்டை): மொத்தம் 1.6, அகலம் 1.2, உயரம் 1.3
வேறு பிராண்ட் 4.49 (5 அட்டை): மொத்தம் 0.9, அகலம் 0.7, உயரம் 0.7

பழைய பேட்ச் தீர்ந்துவிட்டது. இப்போது 4.49-ஐ எடுத்துவிடலாமா? எவ்வளவு வாங்குவது? புது 4.50-இல் 4 டப்பா திறக்காமல் இருக்கிறதே, வீணா?

---

கணக்குப்பிள்ளை

0.9-க்கும் 1.6-க்கும் உள்ள தூரம் 50 ஷாட்டில் அதிர்ஷ்டத்தால் வருவதல்ல. தயங்காமல் 4.49 எடுங்கள். இது 0.9-க்கும் 1.0-க்கும் இடையிலான போட்டியாக இருந்திருந்தால், எது எளிதாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

1.6 உள்ள 4.50-ம் குப்பை இல்லை. சராசரி விலகல் சுமார் 0.5. அவள் அளவில் 60 ஷாட்டுக்கு ஒன்று, ஒன்றரைப் புள்ளிதான் வித்தியாசம். பயிற்சிக்குத் தாராளமாகப் போகும்.

---

லேன்27

ஸ்க்ரூ கிடைத்தது நல்லதாயிற்று. இல்லையென்றால் இன்னும் பத்து பேட்ச் வாங்கியிருப்பீர்கள்.

எவ்வளவு என்பதற்கு: வாரம் 4 நாள், நாளுக்கு 80 முதல் 100 பெல்லட் என்றால் மாதம் 1,600 வரை, 500 பெல்லட் உள்ள டப்பா மூன்றுக்கு மேல். எல்லாவற்றையும் மேட்ச் பேட்சில் சுட வேண்டியதில்லை. போட்டி, போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு முழு 60 ஷாட் ஸ்கோர், இவற்றுக்கு மட்டும் 4.49. மீதி நாளில் கையில் இருக்கும் 4.50. இந்தக் கணக்கில் வருடத்துக்கு 4.49 சுமார் 5,000, அதாவது 10 டப்பா. அதற்கு மேல் சேர்க்காதீர்கள், கலா சொன்ன ஈரப் பிரச்சினையால் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம்.

கடைக்காரரிடம் "அதே 4.49 பத்து டப்பா" என்று சொல்லாதீர்கள். டெஸ்ட் செய்த டப்பாவின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பி, இதே பேட்ச் எண் இருந்தால் மட்டும் என்று கேளுங்கள். வந்ததும் பத்து டப்பாவின் எண்ணையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், நடுவில் ஒன்றிரண்டு வேறாக இருப்பது நடக்கும். அதே பேட்ச் தீர்ந்துவிட்டது என்றால், வேறு இரண்டு மூன்று பேட்சில் ஒவ்வொரு டப்பா வாங்கித் திரும்ப டெஸ்ட். இப்போது மூட்டையும் முறையும் கையில் இருக்கிறது, ஒரு மதியத்தில் முடியும்.

பெல்லட் மாற்றும் நாளில் ஸீரோ (குறி வைத்த இடத்திலேயே குரூப் விழும் சைட் அமைப்பு) நகரும். 4.50-இல் இருந்து 4.49-க்கு வந்ததும் 15 ஷாட் விட்டு, பிறகு நின்று 10 ஷாட் சுட்டு, குரூப்பின் நடு எங்கே போயிருக்கிறது, எத்தனை கிளிக் என்று டப்பா மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். போட்டியில் தயாரிப்புக்கும் சைட்டிங்குக்கும் சேர்த்து 15 நிமிடம்தான். மேட்ச் பெல்லட்டை அன்று காலையில் திறந்தால் அந்த 15 நிமிடமும் பேரலைப் பழக்கவே போய்விடும். முந்தின நாள் பயிற்சியையே அந்த டப்பாவில் முடித்து, பேரலைத் துடைக்காமல் அப்படியே எடுத்துப் போகட்டும்.